கோவலன் வழக்கும் நம் காலத்துச் சட்டங்களும்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் சிதைந்த கற்களோடு நிற்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில், பளியன்குடி வழியாக நடந்தும் குமுளி வழியாக வண்டியேறியும் மக்கள் அங்கே செல்கின்றனர். இரு மாநில அரசுகளின் அனுமதியோடும் காவலர்களின் கண்காணிப்போடும் நடைபெறும் பயணம் அது. அனுமந்தன்பட்டியின் வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே வாழும் நமக்குச் சிலப்பதிகாரம் வெறும் பாடநூல் அன்று; நம் மலையின் கதை அது.

அக்காப்பியத்தைக் கற்பின் காவியம் என்றும், ஊழின் காவியம் என்றும், மூவேந்தர் நாட்டையும் இணைத்த காவியம் என்றும் அறிஞர் பலர் ஆராய்ந்துள்ளனர். ஒரு குற்ற வழக்கின் வரலாறாக அதைப் படிப்பது அரிதாகவே உள்ளது. அவ்வாறு படித்துப் பார்ப்பதும், அந்த வாசிப்பின் ஒளியில் நம் நாட்டின் பயங்கரவாதத் தடைச் சட்டங்களை எடைபோடுவதும் இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியத் திறனாய்வில் சட்டத்திற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். சட்டமும் சொற்களால் ஆனதே. ஒரு சொல் தளர்ந்தால் காப்பியத்தில் சுவை குறையும். சட்டத்தில் ஓர் உயிர் போகும்.

கொலைக்களத்தில் நடந்த விசாரணை

கொலைக்களக் காதையை மீண்டும் கருத்தூன்றிப் படிப்போம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். தன் குற்றத்தை மறைக்க ஒருவன் தேவைப்பட்ட வேளையில், ஊருக்குப் புதியவனாகிய கோவலன் கையில் ஒற்றைச் சிலம்புடன் வந்து சேர்கிறான். அயலான், ஆதரவற்றவன், கையில் ஐயத்திற்கிடமான பொருள். குற்றம் சாட்டப்படுவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்? அரசனோ ஊடிய தேவியைத் தேற்ற விரைந்துகொண்டிருக்கிறான். குற்றச்சாட்டைக் கேட்ட அளவிலேயே ஆணை பிறக்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்கவில்லை, சிலம்பைத் திறந்து பார்க்கவில்லை, சாட்டியவன் யார், அவனுக்கு இதில் என்ன பயன் என்று வினவவில்லை.

இதைவிடவும் நுட்பமான இடம் ஒன்று அடுத்து வருகிறது. காவலர் கோவலனைக் காண்கின்றனர். இவன் தோற்றத்தில் கள்வனுக்குரிய குறி இல்லையே என்று அவர்களுள் ஒருவன் தயங்குகிறான். பொற்கொல்லன் நகைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகளைக் கொண்டு தொழில் செய்பவர் கள்வர் என்று களவு நூலையே எடுத்து ஓதுகிறான். வேறொரு கள்வன் முன்பொருநாள் செய்த மாயத்தையும் கதையாகச் சொல்கிறான். அக்கதைக்கும் கோவலனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கேட்டவர் நெஞ்சில் அச்சம் புகுந்துவிட்டது. கள்வனைப் போல் தோன்றாமையே இவன் பெருங்கள்வன் என்பதற்குச் சான்றாகிவிட்டது. பின்னர், கல்வியறிவற்ற குடிகாரக் காவலன் ஒருவனின் வாள் வழக்கை முடித்து வைக்கிறது.

இளங்கோவடிகளின் பெருமை இவ்விடத்தில் விளங்குகிறது. தனி ஒருவரின் கொடுமையால் மட்டும் அநீதி விளைவதில்லை என்பதை அவர் கண்டார். பொய் சொல்ல ஒருவன், கேளாமல் ஆணையிட ஒருவன், ஐயம் கொண்டும் தடுக்காத சிலர், சிந்திக்காமல் வெட்ட ஒருவன் என நால்வகையினர் சேர்ந்தே கோவலனைக் கொன்றனர். இவர்களுள் அரசன் ஒருவனே கெட்ட எண்ணம் இல்லாதவன். அவனுடைய அவசரமே பெருங்கேடாக முடிந்தது.

ஆயிரம் பொற்கொல்லர்

போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடுதல் ஆகாது. காப்பியத்தில் நம்மை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. நெடுஞ்செழியன் இறந்தபின், கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த பிழைக்கு ஆயிரம் பொற்கொல்லர்! அவர்களுள் ஒருவரும் சிலம்பைத் திருடியதில்லை. கோவலனுக்காகக் கண்ணீர் வடித்த காப்பியம் இந்த ஆயிரவருக்காக ஒரு துளியும் சிந்தாமல் கடந்து செல்கிறது. ஆராயாமல் ஒருவனைக் கொன்ற அநீதிக்குப் பரிகாரமாக, ஆராயாமல் ஆயிரவரைக் கொல்லும் மற்றோர் அநீதி!

இது பழங்கதைதானே என்று நம் பகுதி மக்கள் தள்ளிவிட இயலாது. ஆங்கில அரசு 1871-இல் இயற்றி, 1911-இல் திருத்திச் சென்னை மாகாணத்திற்கும் விரித்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஒருவன் செய்த செயலை நோக்காமல் அவன் பிறந்த குலத்தையே குற்றமாக்கியது. மதுரைச் சீமையிலும் நம் பள்ளத்தாக்கிலும் வாழும் பிறமலைக் கள்ளர் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே இன்றும் நினைவுகூர்கின்றனர். விரல் ரேகை பதித்து, இரவில் வீட்டில் உறங்கும் உரிமையையும் இழந்து, வெளியூர் செல்ல ராத்திரிச் சீட்டுப் பெற்று வாழ்ந்த தலைமுறை அது. அதனை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அம்மக்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடியும் நாளேடுகளில் எழுதியும் துணைநின்றவர், செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக விளங்கிய ஜார்ஜ் ஜோசப். கிறிஸ்தவராகிய அவரை ரோசாப்பூ துரை என்று அம்மக்கள் அன்போடு அழைத்தனர். தன் குலத்தவரும் தன் மதத்தவரும் அல்லாதார்க்காகக் குரல் கொடுத்தமையே அவர் பெற்ற பெயருக்கு மணம் சேர்த்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல்தான் நீங்கிற்று.

காவலர் எழுதிய வாக்குமூலம்

விடுதலை பெற்ற நாட்டில் இத்தகைய சட்டங்கள் மறைந்தனவா? 1985-இல் வந்து 1987-இல் வலுவூட்டப்பட்ட தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவை நோக்குவோம். காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது ஆங்கிலேயர் காலத்துச் சாட்சியச் சட்டமே வகுத்த பாதுகாப்பு. அடித்துப் பெற்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்ற எளிய உண்மை அதற்கு அடிப்படை. அப்பாதுகாப்பைத் தடா நீக்கியது. காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்தாலே ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகும் என்றது. கர்தார் சிங் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் சில நெறிமுறைகளைக் கூறி, சட்டத்தை நிலைநிறுத்தியது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் கைதானோர் 76,000-க்கும் மேல். தண்டனை பெற்றோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. 1995 மே மாதத்தில் சட்டம் காலாவதியாயிற்று. ஆனால் நடந்துகொண்டிருந்த வழக்குகள் காலாவதியாகவில்லை.

திருப்பெரும்புதூரில் 1991 மே 21-ஆம் நாள் ராஜீவ் காந்தியும் அருகிருந்த பலரும் கொல்லப்பட்டது மன்னிக்கவொண்ணாக் கொடுமை. அவ்வழக்கில் 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. 1999 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றம் அன்று எனக் கூறி, 19 பேரை விடுவித்தது. ஆயினும் தடாவின்கீழ்ப் பெற்ற வாக்குமூலங்கள் சான்றாகவே நீடித்தன. சட்டம் பொருந்தாது, சட்டம் தந்த சான்று மட்டும் பொருந்தும்! இந்த முரண்பாட்டிற்கு விடை காண்பது கடினம். பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வு பெற்றபின், வாங்கித் தந்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறிய பகுதியைத் தாம் எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். எழுதாமல் விட்ட ஒரு வரி ஒருவரைத் தூக்குமேடையின் நிழலில் நிறுத்திவைத்தது. 2022 மே 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைக் கொண்டு அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அதுவன்று. அவரை விடுவிக்க மாநில அமைச்சரவை அளித்த பரிந்துரை நெடுங்காலம் கிடப்பில் இருந்ததை முன்னிட்டுப் பிறந்த ஆணை அது. முப்பத்தோராம் ஆண்டை எட்டிய சிறைவாழ்வு அவ்வாறு முடிந்தது.

சொல்லும் கவிதையும்

தடாவை அடுத்து வந்தது பொடா. 2002 மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறிய அச்சட்டம், தடை செய்யப்பட்ட இயக்கத்திற்கு ஆதரவு திரட்டும் பேச்சையும் குற்றமாக்கியது. அதே ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ கைதாகி, ஏறத்தாழ 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். அச்சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுங்கூட்டணியில் அவர்தம் கட்சியும் இடம்பெற்றிருந்தது என்பதைக் கருதினால், பிறருக்கென வெட்டிய குழி எவரையும் தேர்ந்தெடுத்து விழுங்குவதில்லை என்பது புலனாகும். குற்ற நோக்கம் இல்லாத வெறும் பேச்சு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது. 2004-இல் பொடா நீக்கப்பட்டது.

கடல் கடந்து நோக்கினும் இதே காட்சிதான். 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும் வழிபாட்டில் இருந்த நம் சகோதரர் சிதறி மாண்டதை மறக்க இயலுமா? அக்கொடுமைக்குப் பின்னே இலங்கை அரசு 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மீண்டும் கையிலெடுத்தது. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். அவருடைய ‘நவரசம்’ என்னும் தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதம் போதிக்கிறது என்பது குற்றச்சாட்டு. நூலை நடுநிலையோடு படித்தோர், வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளே அதில் உள்ளன என்று எடுத்துக் காட்டினர். 2021 டிசம்பரில் பிணையும் 2023 டிசம்பரில் விடுதலையும் கிடைத்தன. கவிதை வாசிக்கத் தெரியாதவர் கையில் சட்டம் இருந்தால், உவமை சதியாகும்; உருவகம் ஆயுதமாகும். களவு நூலை ஓதிய பொற்கொல்லனை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முதல் தோற்றத்தில் உண்மை

பொடா நீங்கியபோது அதன் உள்ளுறை நீங்கவில்லை. அதன் விதிகளுட் பல, 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தினுள், அதாவது இன்று உபா எனப்படும் சட்டத்தினுள், 2004-இல் புகுந்தன. மும்பைத் தாக்குதலையடுத்து 2008 டிசம்பரில் அது மேலும் கடுமையாயிற்று. தடாவும் பொடாவும் குறிப்பிட்ட காலத்திற்கென வந்தவை. உபாவோ காலவரம்பற்றது. காவலரிடம் அளிக்கும் வாக்குமூலத்தைச் சான்றாக்கும் விதி இதில் இல்லை என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்வோம். ஆனால் இதன் கூர்மை வேறோரிடத்தில் உள்ளது. குற்றப்பத்திரிகை இன்றியே 180 நாள் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். 43-டி பிரிவின் 5-ஆம் உட்பிரிவு, குற்றச்சாட்டு முதல் தோற்றத்தில் உண்மை என நம்ப நியாயமான காரணம் இருந்தால் பிணை வழங்கலாகாது என்கிறது. வட்டாலி வழக்கில் 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கத்தின்படி, பிணை வேளையில் அரசு தரப்புச் சான்றுகளை நீதிமன்றம் நுணுகி எடைபோடலாகாது.

‘முதல் தோற்றத்தில் உண்மை’ என்னும் இத்தொடரைத் திறனாய்வாளன் கண்கொண்டு பார்ப்போம். தோற்றம் என்பது உண்மைக்கு மாற்றாக இருக்கக்கூடியது. ஆகவேதான் உலகம் விசாரணை என்ற முறையைக் கண்டது. சிலம்பும் முதல் தோற்றத்தில் ஒன்றே. உடைத்துப் பார்த்தபோதுதான் ஒன்றில் முத்தும் மற்றொன்றில் மாணிக்கமும் இருந்தது தெரிந்தது. உடைத்துப் பார்க்கும் நாள் பல ஆண்டுகள் தள்ளிப்போனால், அதுவரை சிறையிலிருப்பவர் பெறுவது விசாரணையா, தண்டனையா?

இந்த வினாவிற்குத் தம் உயிரை விடையாகத் தந்தவர் நம் மண்ணின் மைந்தர், சேசு சபைத் துறவி, அருட்தந்தை ஸ்டேன் சுவாமி. திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937 ஏப்ரல் 26-ஆம் நாள் பிறந்த அவர், சார்க்கண்டு மாநிலப் பழங்குடி மக்களோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்டார். நிலவுரிமை கேட்டதற்காக நக்சலைட்டுகள் என முத்திரை குத்தப்பட்டு, விசாரணைக் கைதிகளாகவே வாடிய பழங்குடி இளைஞரின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டார். அவர்களுக்காக உயர் நீதிமன்றத்தையும் நாடினார். பீமா கோரேகான் வழக்கில், தடை செய்யப்பட்ட மாவோயிஸ்டுக் கட்சியோடு தொடர்புடையவர் என்று குற்றம் சாட்டி, தேசியப் புலனாய்வு முகமை 2020 அக்டோபர் 8-ஆம் நாள் ராஞ்சியில் அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் என்னும் நடுக்கு நோயால் கை நடுங்க, குவளையை ஏந்தி நீர் அருந்த இயலாமல், உறிஞ்சுகுழாயும் மூடியிட்ட குவளையும் வேண்டி நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பதிலளிக்க முகமைக்கு இருபது நாள் தரப்பட்டது. 2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருக்க, அவ்வாண்டு ஜூலை 5-ஆம் நாள் மும்பை பாந்திராவிலுள்ள திருக்குடும்ப மருத்துவமனையில் அவர் காலமானார். அவர்மீது விசாரணை தொடங்கவே இல்லை.

அவருடைய கணினியில் கண்டெடுத்ததாகக் கூறப்பட்ட கோப்புகள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று ஆர்சனல் என்னும் அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. அதை ஏற்பதா மறுப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியது குறுக்கு விசாரணையே. கோவலன் இறந்தபின் சிலம்பு உடைபட்டதுபோல, அத்தந்தை இறந்தபின் கணினி திறந்து ஆராயப்பட்டது. வேற்றுமை ஒன்று உண்டு. தவறு தெரிந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். நம் காலத்தில் எவரும் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. அக்ஷர்தாம் வழக்கில் பொடாவின்கீழ்த் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் குற்றமற்றவர் என விடுவித்தது. இழந்த ஆண்டுகளுக்கு அவர்கள் இழப்பீடு கேட்டபோது, 2016-இல் அது மறுக்கப்பட்டது. குடியுரிமைகளுக்கும் அரசியல் உரிமைகளுக்குமான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979-இல் இணைந்த வேளையிலேயே, தவறான கைதுக்கு இழப்பீடு கோரும் உரிமை எம் சட்டமுறையில் இல்லை என்று இந்தியா அறிவித்திருந்ததும் எண்ணத்தக்கது.

மறுபக்கமும் கேட்போம்

எதிர்த்தரப்பைக் கேளாமையே பாண்டியன் பிழை எனில், நாமும் அப்பிழையைச் செய்தலாகாது. 1998 பிப்ரவரி 14-ஆம் நாள் கோவையில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைப் பறித்தன. அத்தகைய கொலைகளைச் சாதாரணச் சட்டத்தால் தடுக்க முடியுமா, சாட்சிகள் அஞ்சும் வழக்கில் அரசு வேறென்ன செய்யும் என்று கேட்போர் உளர். அவர் கேள்வியில் நியாயம் உண்டு. மக்களின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடன். கண்ணகி ஏவிய தீ, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விலக்கித் தீயோரை மட்டும் பற்றியது எனக் காப்பியம் கூறும். குண்டுக்கு அந்த அறிவு கிடையாது. ஆகவே எந்தச் சீற்றத்தின் பெயராலும் பயங்கரவாதத்தை நியாயப்படுத்த இயலாது.

ஆனால் பிழையான ஆளைச் சிறையிலடைத்தால் சரியான ஆள் வெளியே உலவுகிறான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்ஷர்தாமில் மாண்டோரின் குடும்பங்களுக்கு அவ்விடுதலைத் தீர்ப்பினால் நீதி கிடைத்ததா? குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும் ஒன்றையொன்று வெட்டும் வாள்கள் அல்ல. முறையான விசாரணை இரண்டிற்கும் பொதுவான தேவை. நஜீப் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விசாரணை வரம்பின்றி நீளுமானால் உபா வழக்கிலும் பிணை வழங்கலாம் என்றது நல்ல தொடக்கம். அதை நீதிபதியின் விருப்பத்திற்கு விடாமல் சட்டத்திலேயே எழுத வேண்டும். பிணை வேளையில் எதிர்த்தரப்புச் சான்றையும் நோக்கும் அதிகாரம், விசாரணை முடிக்கக் காலவரையறை, தவறாகச் சிறையிருந்தவர்க்கு இழப்பீடு ஆகிய மூன்றும் எந்தப் பயங்கரவாதிக்கும் துணைபோகா. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் தன் 113-ஆம் பிரிவில் பயங்கரவாதச் செயலைச் சேர்த்துள்ள நிலையில், இக்கோரிக்கை மேலும் அவசரமாகிறது.

இறைவார்த்தையின் ஒளியில்

நம் திருநூலில் சூசன்னாவின் வழக்கை அறிவோம். சாட்சிகளே நீதித்தலைவர்கள், மதிப்பிற்குரிய முதியோர். அவர்கள் சொல்லே போதுமென்று சபை மரணத் தீர்ப்பும் அளித்துவிட்டது. தானியேல் என்னும் இளைஞர் அச்சபையில் கேட்டது பெரியதொன்றும் அன்று. சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று வினவினார். இரு விடைகள் முரண்பட்டன. ஓர் உயிர் தப்பியது. குறுக்கு விசாரணை என்பது அன்னிய நாட்டார் தந்த அலங்காரம் அன்று. அது மறைநூல் காட்டும் அறம். ஆண்டவர் இயேசுவைப் பிடிக்க ஆள் அனுப்பியவர்களிடம், ஒருவரை முதலில் கேட்டறியாமல் நம் சட்டம் தீர்ப்பளிப்பதுண்டோ என்று நிக்கதேம் வினவினார். அவரை எள்ளி நகையாடினர். அன்று நிக்கதேமுக்குத் துணையாக இன்னும் நால்வர் எழுந்திருந்தால் என்று நாம் எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், மனித மாண்பைக் குலைக்கும் கொடுமைகளின் வரிசையில் முறையற்ற சிறைவைப்பையும் சித்திரவதையையும் சேர்த்தே கண்டித்தது.

ஸ்டேன் சுவாமி நம்மவர் என்பதால் நம் நெஞ்சம் துடித்தது. அது இயல்பே, ஆனால் அத்துடிப்பு அங்கே நின்றுவிடுமானால், அது குலப்பற்றே அன்றி நீதிப்பற்று ஆகாது. அவர் சிறையிலும் தம்மைக் காட்டிலும் தம்மோடிருந்த ஏழை விசாரணைக் கைதிகளை எண்ணியவர். நமக்கு முகம் தெரியாத, நம் மதத்தைச் சேராத, நம் கருத்தோடு உடன்படாத ஒருவர் இச்சட்டங்களின்கீழ்க் கைதானார் என்ற செய்தியை நாளேட்டில் படிக்கும்போது, அவரைப் பயங்கரவாதி என்று சொல்லத் துடிக்கும் நாவைச் சற்றே அடக்கி, அவர் தரப்பைக் கேட்டாயிற்றா என்று வினவுவோமா? கொலைக்களத்தில் தயங்கி நின்ற காவலனுக்கு அந்த ஐயம் எழுந்தது. அதை உரக்கச் சொல்லித் தடுக்கும் துணிவு மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை.